புதன்கிழமை அம்மா

அந்தப் படத்தில் அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். சந்தேகம் அங்கேதான் தொடங்கியது.

கேமராவைப் பார்த்துச் சிரிக்கிற பழக்கமே அவளுக்குக் கிடையாது. கல்யாணப் படத்திலேயே பல் பிடுங்கக் காத்திருப்பவள் மாதிரி இருப்பாள் என்று கணவன் பதினோரு வருடமாகக் கேலி செய்துகொண்டிருக்கிறான். அப்படிப்பட்டவள் இந்தப் படத்தில் சாப்பாட்டு மேஜையின் முன் உட்கார்ந்து, தலையைப் பின்னால் சாய்த்து, கடைவாய்ப் பல் தெரியச் சிரிக்கிறாள். மடியில் வாலு. வாலுவும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள். போட்டிருப்பது அவளுடைய நீலப் பூப்போட்ட சட்டைதான். பின்னால் இருப்பது அவர்கள் வீட்டுச் சமையலறைதான். மேல் கதவு சரியாகச் சாத்தாத அந்த அலமாரிகூடத் தெரிகிறது.

வாலு என்பது மகளுக்கு வீட்டில் வைத்த பெயர். ஒன்பது வயது. பள்ளியில் ‘நானும் அம்மாவும்’ என்று வகுப்புச் சுவரில் ஒட்ட வெள்ளிக்கிழமைக்குள் ஒரு படம் கேட்டிருந்தார்கள். இரண்டு பேரும் சிரித்துக்கொண்டிருக்க வேண்டும் என்பது டீச்சர் போட்ட நிபந்தனை. அதற்காகத்தான் செவ்வாய்க்கிழமை சாயங்காலம், வேலை முடிந்து வந்து கைப்பையைக்கூடக் கீழே வைக்காமல், அவள் குடும்பப் படப் பெட்டியைத் திறந்தாள். கணவன் ஏற்பாடு செய்து வைத்த பெட்டி அது. அவன் போன், அவள் போன், வாலுவின் டேப்லெட், வேறு ஊரில் இருக்கும் அவளுடைய அம்மாவின் போன் என்று நான்கிலும் எடுக்கிற படங்கள் தாமாகவே வந்து அதில் விழும். தேதி, கோப்புப் பெயர் எதுவும் தெரிய வேண்டாம். பக்கத்தில் இருப்பவரிடம் சொல்வதுபோலச் சொந்த வார்த்தையில் எழுதினால் போதும், தேடி எடுத்துக் கொடுத்துவிடும். அந்த வசதி வந்த முதல் நாள் வீடே அமர்க்களப்பட்டது. ‘சாப்பிட மாட்டேன் என்று அழும் வாலு’ என்று எழுதினால் அறுபது படம் வந்தது. ‘வாயைத் திறந்து தூங்கும் அப்பா’ என்று எழுதியபோது வந்த கூட்டத்தைப் பார்த்து வாலு தரையில் உருண்டாள்.

இன்றைக்கு அவள் எழுதியது, ‘வாலுவும் அம்மாவும் சேர்ந்து சிரிக்கும் படம்’.

“இது எப்ப எடுத்தது?”

கணவன் சோபாவில் துணி மடித்துக்கொண்டிருந்தான். எட்டிப் பார்த்தான். கிட்டே வரவில்லை.

“ஏதோ ஒரு நாள். நல்லாத்தானே இருக்க. அதையே அனுப்பிடு.”

“எனக்கு ஞாபகமே இல்லையே.”

“உனக்கு என்னதான் ஞாபகம் இருக்கு, சொல்லு.”

சிரித்தான். ஆனால் மடித்த சட்டையையே பிரித்து மறுபடி மடித்தான். வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த வாலுவின் பென்சில் நின்றிருந்தது. அவள் அம்மாவைப் பார்க்கவில்லை, அப்பாவைப் பார்த்தாள். அது ஒரு நொடிதான். பிறகு பென்சில் மறுபடி ஓடியது.

படத்துக்குக் கீழே சின்ன எழுத்தில் நேரம் இருந்தது. புதன்கிழமை, பகல் ஒன்று பன்னிரண்டு.

புதன்கிழமை அவர்களுடைய நாள். உதிரி பாகக் கிடங்கில் கணவனுக்கு அன்றுதான் வார விடுமுறை, வாலுவுக்கும் பள்ளி அரைநாள். மதியம் முழுவதும் அப்பனும் மகளும் வீட்டில் கொட்டம் அடிப்பார்கள். அவள் ஆறு மணிக்கு வந்து சேரும்போது எல்லாம் முடிந்து, வீடு சந்தேகப்படும்படியான சுத்தத்தோடு இருக்கும். அந்த மதியங்களை நினைத்து அவளுக்கு எப்போதும் கொஞ்சம் பொறாமை உண்டு. புதன்கிழமை ஒன்று பன்னிரண்டுக்கு அவள் எங்கே இருப்பாள் என்பது ஊருக்கே தெரியும். நான்காம் கவுன்டரில்.

அன்று அவள் படத்தை அனுப்பவில்லை. நாளைக்குப் பார்க்கலாம் என்று போனைக் கவிழ்த்து வைத்தாள்.

அடையாள அட்டை புதுப்பிக்கும் அலுவலகத்தில் அவளுடைய வேலை ஒன்றே ஒன்றுதான். எதிரில் நிற்கும் முகத்தையும் பழைய அட்டையில் இருக்கும் முகத்தையும் ஒப்பிட்டு, ஆள் ஒருவரே என்றால் முத்திரை குத்த வேண்டும். பதினான்கு வருடம் இதையே செய்ததில் அவளுக்கென்று ஒரு முறை படிந்திருந்தது. முகத்தை நம்ப மாட்டாள். முகம் ஊதும், வற்றும், தாடி வைக்கும், சாயம் பூசும். காது அப்படி ஏமாற்றாது. மடலின் வளைவு, உள் மடிப்பு, தொங்கலின் நீளம் எல்லாம் அப்படியே இருக்கும். “கொஞ்சம் திரும்புங்க, காதைக் காட்டுங்க” என்று ஒரு நாளைக்கு இருநூறு முறை சொல்வாள். அலுவலகத்தில் அவளுக்குக் காது மேடம் என்று பெயர். மேடத்துக்கு மட்டும் யாரும் காது குத்த முடியாது என்று பக்கத்துக் கவுன்டர்க்காரர் அடிக்கடி சொல்வார், சொல்லிவிட்டு அவரே சிரிப்பார்.

புதன்கிழமை காலையிலிருந்தே மழை பிடித்துக்கொண்டது. கூட்டம் குறைவு. நனைந்த குடைகளின் ரப்பர் வாடையும், முத்திரை மையின் புளித்த வாடையும், ஈரச் செருப்புகள் இழுத்துக்கொண்டு வந்த சேறும் கூடத்தில் ஒன்றாகத் தேங்கி நிற்க, மேலே ஒரு குழல்விளக்கு அணைவதா எரிவதா என்று தீர்மானிக்க முடியாமல் ரீங்கரித்துக்கொண்டிருந்தது. எண் கூப்பிடும் இயந்திரம் யாருமே இல்லாத நாற்காலிகளைப் பார்த்து நாற்பத்தொன்று, நாற்பத்தொன்று என்று சலிக்காமல் அழைத்தது. மதியம் பன்னிரண்டரைக்கு அவள் பலகையைத் திருப்பி வைத்துவிட்டு, சாப்பாட்டு டப்பாவோடு பின்னால் இருந்த பழைய பதிவேட்டு அறைக்குப் போனாள். இரும்பு அலமாரிகளுக்கு நடுவில் ஒரு ஸ்டூல் உண்டு. அங்கே யாரும் வர மாட்டார்கள்.

டப்பாவைத் திறக்கவில்லை. போனை எடுத்து எழுதினாள்: ‘புதன்கிழமை பகலில் வீட்டில் இருக்கும் அம்மா’.

நூற்றுப் பதினாறு படங்கள் வந்தன.

வாலுவுக்குத் தலை பின்னும் அம்மா. ஜன்னலோரம் நின்று தேநீர் ஊதிக் குடிக்கும் அம்மா. வாலுவின் கட்டிலில் வாலுவைக் கட்டிக்கொண்டு தூங்கும் அம்மா. சோபாவில் சாய்ந்து, கால்களைக் கணவனின் மடியில் நீட்டியிருக்கும் அம்மா. கால்களை அவன் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தான். அவள் கால்களை அவன் தொட்டே எத்தனை வருடம் ஆகிறது. எல்லாப் படங்களிலும் அவளுடைய துணி. போன வாரம் காலையில் அவசரத்தில் அவள் கதவின் மேல் போட்டுவிட்டு வந்த துண்டு, ஒரு படத்தில் போட்டபடியே கிடந்தது.

 கை தன் பழக்கத்தை விடவில்லை. படத்தைப் பெரிதாக்கிக் காதுக்குப் போனாள்.

அவளுடைய இடது காதின் மேல் விளிம்பில், யாரோ கிள்ளி வைத்ததுபோல ஒரு மடிப்பு உண்டு. பிறவியிலேயே வந்தது. தொங்கலில் ஒரு தழும்பு உண்டு. வாலு கைக்குழந்தையாக இருந்தபோது தோட்டைப் பிடித்து இழுத்ததில் கிழிந்து ஆறியது. படத்தில் இருந்தவளின் காது வழவழவென்று இருந்தது. மடிப்பு இல்லை, தழும்பு இல்லை. யாரும் இழுக்காத, யாரும் திருகாத காது. வேறொரு படம். அதிலும் அப்படித்தான். நூற்றுப் பதினாறிலும் அப்படித்தான்.

ஆள் வேறு.

முதலில் வந்தது பயம் இல்லை, ஆத்திரம். தன்னைப் போலவே ஒருத்தியை எங்கிருந்தோ பிடித்துக்கொண்டு வந்து, தன் துணியைக் கொடுத்து, தன் நாற்காலியில் உட்காரவைத்து, தன் குழந்தையைத் தூக்கி அவள் மடியில் கொடுத்திருக்கிறான். குழந்தையும் வாயைத் திறக்கவில்லை. நேற்றுக்கூட அந்தப் பென்சில் நின்றதே. ஒன்பது வயதில் இத்தனை அழுத்தமா?  துரோகம் என்று வாய்விட்டே சொன்னாள். இரும்பு அலமாரிகள் அதைத் திருப்பிச் சொல்லவில்லை.

கோப்பு தயார் செய்வதுபோல் தயார் செய்வோம் என்று நிமிர்ந்து உட்கார்ந்தாள். யார் எது, எத்தனை படம், எந்த நாள். வீட்டுக்குப் போய் முகத்துக்கு நேராக வைத்தால் ஒருத்தராலும் மழுப்ப முடியக் கூடாது.

‘கோபமாக இருக்கும் அம்மா’ என்று எழுதினாள். முப்பத்தேழு படங்கள். முப்பத்தேழிலும் காதில் மடிப்பு இருந்தது. எல்லாம் அவள்தான்.

‘அழும் வாலு’ என்று எழுதினாள். வந்தவை எல்லாம் சாயங்காலங்கள். ஓரத்தில் அவளுடைய முழங்கை, அவளுடைய கைப்பை, மேலே தூக்கிய அவளுடைய சுட்டுவிரல்.

இது அநியாயம் என்று அவளுக்குப் பட்டது. திட்டியதை எல்லாம் படம் எடுத்து வைத்திருக்கிறார்கள். சட்டைக் காலரைத் தேய்த்துத் துவைத்ததை எடுத்தார்களா? பள்ளி வாசலில் மழையில் நின்றதை எடுத்தார்களா? ‘காய்ச்சலில் கிடக்கும் வாலுவைத் தோளில் போட்டுக்கொண்டு ஜன்னலருகே விடிய விடிய நிற்கும் அம்மா’ என்று எழுதினாள். 

பொருத்தமான படம் எதுவும் இல்லை, என்றது பெட்டி.

அதற்கப்புறம்தான் அவள் அந்தக் காரியத்தைச் செய்தாள். வேறு யாரும் அப்படிச் செய்திருக்க மாட்டார்கள். அடையாளக் குறிப்பு எழுதியே பதினான்கு வருடம் ஓட்டிய ஒருத்திக்குத்தான் அது தோன்றும். போலி எது அசல் எது என்று பிரிக்க வேண்டுமானால் அசலின் அடையாளத்தைத் துல்லியமாகக் கொடுக்க வேண்டும். கோப்பின் குறிப்புப் பத்தியில் எழுதுவதுபோல் நிறுத்தி நிதானமாக எழுதினாள்: ‘இடது காதின் மேல் விளிம்பில் கிள்ளியது போன்ற மடிப்பு. தொங்கலில் அரை அங்குலத் தழும்பு. வலது மணிக்கட்டின் உட்புறம் இஸ்திரிப் பெட்டி சுட்ட, படகு வடிவத் தழும்பு. இடது நெற்றியோரம் ஒரு கற்றை நரை. நடக்கும்போது இடது தோள் சற்றுத் தாழும்.’

அதே முப்பத்தேழு படங்கள் வந்தன. அவள் மட்டும்.

பார்த்தாயா என்பதுபோல் அலமாரியைப் பார்த்தாள். டப்பாவைத் திறந்து ஒரு வாய் வைத்தாள். வெளியே இயந்திரம் நாற்பத்திரண்டைக் கூப்பிட்டது. மழை தகரக் கூரையில் இறங்கியது. இரண்டாவது வாய் எடுக்கும் முன் போன் அதிர்ந்தது.

பெட்டியில் புதிய படம். எடுத்தவர்: வாலு. நேரம்: இப்போது.

சமையலறை மேஜை. பக்கவாட்டில் திரும்பி உட்கார்ந்திருந்தாள் அவள். இந்தத் தடவை சிரிக்கவில்லை. முடியை ஒரு கையால் ஒதுக்கிப் பிடித்து, கவுன்டரின் முன் நிற்பவர்கள் காட்டுவதுபோலவே இடது காதைக் காட்டிக்கொண்டிருந்தாள்.

மேல் விளிம்பில் மடிப்பு இருந்தது.

தொங்கலில் தழும்பு இருந்தது. சிவப்பாக. ஓரம் இன்னும் காயாமல் பளபளத்தது.

அவள் போனைக் கீழே வைத்தாள். எடுத்தாள். மறுபடி அதிர்ந்தது. அடுத்த படத்தில் ஒரு மணிக்கட்டு மட்டும். உட்புறம் படகு வடிவில் கொப்புளம். மேஜை ஓரத்தில் இஸ்திரிப் பெட்டி, வயர் செருகியபடி. சின்ன விரல்கள் அந்தக் கையைப் பிடித்திருந்தன. வாலுவின் விரல்கள். நகத்தில் அவள் ஞாயிற்றுக்கிழமை பூசிவிட்ட மஞ்சள் சாயம்.

தேடல் எழுதும் கட்டத்தைத் தொட்டதும், அதற்குக் கீழே ஒரு பட்டியல் விரிந்தது. இத்தனை நாள் அவள் கவனித்ததில்லை. ‘உங்கள் குடும்பத்தினர் தேடியவை.’ மேலே அவள் எழுதியது முழுவதும் இருந்தது, காது முதல் தோள் வரை. யார் எழுதினாலும் எல்லாருக்கும் தெரியும்படிதான் இருந்திருக்கிறது. அவளே வரி வரியாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறாள்.

பட்டியலைத் தள்ளிக்கொண்டே போனாள்.

கணவன் எழுதியிருந்தான்: ‘கதவைத் திறந்ததும் விசாரணை பண்ணாத மனைவி.’ இன்னொரு நாள்: ‘ஒரு தடவை சொன்னா நம்புற மனைவி.’

அவளுடைய அம்மா எழுதியிருந்தாள்: ‘போன் பண்ணினா உடனே எடுக்கிற என் பொண்ணு.’

பெற்ற அம்மா.  அம்மாவுமா?

எல்லாவற்றுக்கும் அடியில், ஆறு மாதத்துக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை, வாலு எழுதியிருந்தாள்: ‘எங்க அம்மா மாதிரியே இருக்கணும். ஆனா சிரிக்கணும்.’ பக்கத்தில் பெட்டியின் பதிலும் இருந்தது. பொருத்தமான படம் எதுவும் இல்லை.

மறுநாள் புதன்கிழமை. அந்தத் தேதியைத் திறந்தாள். பெட்டி இன்னும் அம்மா என்று எண்ணாத முதல் படம் அன்றைக்குத்தான் வந்திருந்தது. சமையலறை மூலையில், சுவரைப் பார்த்தபடி ஒருத்தி நிற்கிறாள். முதுகு மட்டும் தெரிகிறது. அடுத்த புதன்கிழமை அவள் பாதி திரும்பியிருந்தாள். மூன்றாவது வாரம் முழுவதும் திரும்பியிருந்தாள், ஆனால் முகம் இன்னும் சரியாக வந்து சேரவில்லை. வாய் இருக்க வேண்டிய இடத்தில் வாய் இருந்தது, அதை என்ன செய்வது என்று அதற்குத் தெரியவில்லை. எதிரில் ஸ்டூலில் ஏறி நின்ற வாலு, தன் வாயின் இரண்டு ஓரங்களையும் விரலால் இழுத்து, எப்படிச் சிரிக்க வேண்டும் என்று காட்டிக்கொண்டிருந்தாள்.

 கணவனைக் கூப்பிட்டாள். ஐந்தாவது மணியில் எடுத்தான்.

“சொல்லு. ஆபீஸ்லதானே இருக்க?”

“வீட்டுல யாரு?”

“யாரும் இல்லையே.”

பின்னால் ஒரு சிரிப்புக் கேட்டது. தாராளமான, வயிற்றிலிருந்து வரும் சிரிப்பு. அந்தக் குரல் அவளுடையது. அந்தச் சிரிப்பு அவளுடையது இல்லை.

“யாரு சிரிக்கிறது?”

“யாரும் இல்லம்மா. நாங்க மூணு பேருதான்.”

சொன்ன பிறகுதான் அவனுக்கே உறைத்திருக்க வேண்டும்.  பிறகு மிகவும் அன்பாக, “நீ ஒண்ணும் அவசரப்பட்டு வராத. மழை பெய்யுது. வேலையை முடிச்சுட்டே வா” என்றான். வைத்துவிட்டான்.

அம்மாவைக் கூப்பிட்டாள். இரண்டு முறை அடித்து ஓய்ந்தது. மூன்றாவது முறை எடுத்தாள்.

“அம்மா, அது யாரும்மா?”

அந்தப் பக்கம் டிவி ஓடிக்கொண்டிருந்தது. அதன் சத்தம் குறைந்தது.

“யாருன்னா? நீதான்டி.”

“நான் ஆபீஸ்ல இருக்கேன். நான் இல்லம்மா அது. காதைப் பாத்தியா?”

“நான் ஏன் காதைப் பாக்கணும்?” அம்மாவின் குரலில் களைப்பு இருந்தது. “புதன்கிழமை தவறாம பேசுறா. சாப்பிட்டியா, மாத்திரை போட்டியான்னு கேக்குறா. நீ எப்ப கேட்ட? இப்பக்கூட எப்படி இருக்கேன்னு கேக்குறதுக்கு முன்னாடி விசாரணைதானே பண்ற.”

“அம்மா, நான் உன் பொண்ணும்மா.”

“கத்தாத. அவ கத்த மாட்டா.”

அவ்வளவுதான். அந்தப் பக்கம் டிவி சத்தம் ஏறியது.

விடுப்புச் சொன்னாளா, கவுன்டரைப் பூட்டினாளா என்பதெல்லாம் பிறகு அவளுக்கு நினைவில்லை. பேருந்தில் ஜன்னல் கண்ணாடி முழுவதும் ஆவி படிந்திருந்தது. யாருடைய குடையோ அவள் காலில் சொட்டியது. இனி ஒரு வார்த்தைகூட எழுதக் கூடாது என்று போனை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்திருந்தாள், கோழிக்குஞ்சைப் பிடிப்பதுபோல. எழுதினால்தானே கற்றுக்கொள்ளும். எழுதாமல் இருந்தால் மிச்சம் இருப்பதாவது மிஞ்சும். என்ன மிச்சம் இருக்கிறது? யோசித்தாள். அந்தக் காய்ச்சல் இரவு இருக்கிறது. வாலுவுக்கு மூன்று வயது. கொதிக்கிற கன்னம் கழுத்தில் ஒட்டியிருந்தது. இறக்கினால் அழுதாள், அதனால் விடியும்வரை இறக்கவில்லை. அதை யாரும் பார்க்கவில்லை. யாரும் படம் எடுக்கவில்லை. அது அவளிடம் மட்டும்தான் இருக்கிறது.

கைக்குள் போன் அதிர்ந்தது.

பார்க்கக் கூடாது என்றுதான் இருந்தாள். பார்த்தாள்.

ஜன்னலருகே அவள் நிற்கிறாள். தோளில் வாலு. ஒன்பது வயதுப் பிள்ளையின் நீளக் கால்கள் முழங்காலுக்குக் கீழே தொங்குகின்றன. ஒரு கை முதுகைத் தாங்குகிறது, ஒரு கை பின்தலையை. சரியாக அந்த இரவில் பிடித்திருந்ததுபோலவே. வாலு கண்ணை மூடி, கன்னத்தை அந்தக் கழுத்தில் வைத்திருந்தாள். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. எடுத்தவர்: அப்பா. மதியம் பெட்டியில் அதையும் எழுதிக் கொடுத்தது அவளேதான்.

அவள் பேருந்தில் வாய்விட்டு அழுதாள். பக்கத்தில் இருந்த பெண்மணி தள்ளி உட்கார்ந்தாள்.

மூன்றாவது மாடி. படிக்கட்டில் பகலிலேயே இருட்டு. ஈரச் சுவரின் சுண்ணாம்பு வாடை. கீழ் வீட்டில் குழாய் சொட்டும் சத்தம். அதற்கு மேலே, அவர்கள் கதவுக்குப் பின்னால், சிரிப்பு.

சாவியைப் போட்டாள். திரும்பியது. கதவு நான்கு விரல் திறந்து, நின்றது. உள்ளே சங்கிலி.

சிரிப்பு நின்றது.

சின்னக் காலடிகள் வந்தன. இடைவெளியில் வாலுவின் ஒரு கண். பாதி வாய். அவளைப் பார்த்ததும் அந்தக் கண் பெரிதானது.

“அம்மா,” என்றாள் வாலு. குரலே இல்லாமல், உதட்டால் மட்டும். அப்புறம் கிசுகிசுத்தாள். “இன்னிக்குப் புதன்கிழமைம்மா.”

“தெரியும் கண்ணா. சங்கிலியை எடு.”

“நீ ஆறு மணிக்குத்தானே வருவ.”

“வாலு. அம்மா சொல்றேன்ல? திற!”

குரல் தானாக ஏறிவிட்டது. விரலும் தானாக எழுந்துவிட்டது. வாலு ஓர் அடி பின்னால் போனாள். அவள் விரலை மடக்கினாள். கதவின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள்.

“திட்ட மாட்டேன். சத்தியமா இனிமே திட்ட மாட்டேன். இங்க பாரு. சிரிக்கிறேன் பாரு.”

சிரித்தாள். கன்னம் இழுத்துக்கொண்டது. உதடு நடுங்கியது. கண்ணில் தண்ணீர் நின்றது. அப்படியே பிடித்துவைத்திருந்தாள்.

வாலு அந்தச் சிரிப்பை நெடுநேரம் பார்த்தாள். முகத்தைச் சாய்த்து, கவனமாக.

“வரலைம்மா,” என்றாள் இரக்கத்தோடு. “விடு.”

உள்ளே நாற்காலி நகர்ந்தது.

“யாரு கண்ணு வாசல்ல?”

அவளுடைய குரல். களைப்பு இல்லாத குரல். ஒரு காலத்தில் அவளுக்கும் அப்படி இருந்தது. பின்னாலேயே கணவனின் குரல், சோம்பலாக, “பார்சலா பாரு வாலு” என்றது.

நடையோசை. கூடத்துச் சுவரில் ஒரு நிழல். இடது தோள் சற்றுத் தாழ்ந்த நிழல். பிறகு அவளே வந்து, கூடத்தின் ஓரத்தில் பக்கவாட்டில் நின்றாள். நீலப் பூப்போட்ட சட்டை. நெற்றியோரம் ஒரு கற்றை நரை. காது. மடிப்பு, தழும்பு, வளைவு, எல்லாம். எல்லாமே சரி. நான்காம் கவுன்டருக்கு வந்திருந்தால் மறு பேச்சில்லாமல் முத்திரை குத்தி அனுப்பியிருப்பாள்.

அது வாசல் பக்கம் திரும்பவே இல்லை. திரும்ப வேண்டிய அவசியம் இல்லாததுபோல் நின்றது. ஒரு கையை மட்டும் பின்னால் நீட்டியது. வா என்று.

வாலு அந்தக் கையைப் பார்த்தாள். கதவிடுக்கில் இருந்த முகத்தைப் பார்த்தாள். மறுபடி அந்தக் கை. மறுபடி இந்த முகம். குழந்தைக்குத் தெரியும். யார் யார் என்று அந்தக் கண்ணுக்கு நன்றாகத் தெரியும். வெளியே நின்றவள் கதவின் விளிம்பை இன்னும் இறுகப் பிடித்தாள். என் பிள்ளை. நான் பெற்ற பிள்ளை. சொல்லிவிடுவாள்.

“யாரோ தெரியலம்மா,” என்றாள் வாலு, உள்பக்கமாகத் திரும்பி. “வீடு மாறி வந்துட்டாங்க.”

கதவு நகர்ந்தது. அவள் கையை எடுக்கவில்லை. எடுக்கத் தோன்றவில்லை. விளிம்பில் நான்கு விரல்கள் மாட்டிக்கொண்டிருந்தன. கதவு அவற்றைத் தொட்டதும் நின்றது. கொஞ்சம் திறந்தது.

இடைவெளியில் ஒரு சின்னக் கை வந்தது. கதகதப்பான கை. சுண்டுவிரலை எடுத்துவிட்டது. அடுத்த விரலை. அடுத்ததை. முரட்டுத்தனம் இல்லை. ஒவ்வொன்றாக, பதமாக, நகம் படாமல்.

“நசுங்கிடப் போகுதும்மா,” என்று வாலு உள்ளே கேட்காதபடி மெதுவாகச் சொல்லி, கடைசி விரலையும் எடுத்துவிட்டாள்.